காற்றாலைத் திட்டத்துக்கு ஆட்சேபம் எழுப்புவது எப்படி? மன்னாரை முன்வைத்து ஒரு வழிகாட்டி

2025 பெப்ரவரியில் இந்தியாவின் அதானி நிறுவனம் இலங்கையின் மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டபோது, மன்னார் தீவின் போராட்டம் வெற்றியடைந்துவிட்டதாகவே பலரும் நம்பினார்கள். ஆறு மாதம் கழித்து, ஆகஸ்ட் மாதத்தில், உள்நாட்டு நிறுவனங்கள் இரண்டுக்காக 14 காற்றாலைக் கோபுரங்களின் பாகங்கள் அதே தீவுக்கு வரத் தொடங்கியதும் மக்கள் மீண்டும் வீதியில் இறங்க வேண்டியதாயிற்று. வென்றதாக நினைத்த போராட்டம் ஏன் திரும்ப வந்தது என்பதை விளங்கிக்கொள்ளாமல், எந்த ஊரும் தன் ஆட்சேபத்தைச் சரியாக முன்வைக்க முடியாது என்பதால், இந்த வழிகாட்டி அங்கிருந்தே தொடங்குகிறது.

அதானி திட்டம் தடுமாறியது முதன்மையாக விலையினால். 2024 மே மாதம் ஓர் அலகு மின்சாரத்துக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலையில், 20 ஆண்டுக் காலத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அடுத்து வந்த அரசாங்கம் அந்த விலை ஒப்புதலை இரத்துச் செய்து, குறைந்த விலைக்குப் பேச முனைந்ததை அடுத்தே நிறுவனம் விலகியது. தீவின் மீனவர்களும் விவசாயிகளும் மதகுருமாரும் பேசிக்கொண்டிருந்ததோ இடத்தைப் பற்றி. கோபுரங்கள் எங்கே நிற்கும், வெள்ளம் எந்த வழியால் கடலுக்குப் போகும், வலை எங்கே இழுப்பது என்பவையே அவர்களுடைய கேள்விகள். கொழும்பில் விலைக் கேள்வி தீர்ந்தது. மன்னாரில் இடக் கேள்வி அப்படியே கிடந்தது. பின்னர் வந்த 50 மெகாவாட் திட்டம் போட்டி விலைமனு மூலம் ஓர் அலகுக்கு 4.65 சதம் என்ற விலைக்குத் தெரிவானபோது, விலையைக் காட்டி எதிர்த்தவர்களுக்குச் சொல்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை. இடத்தைக் காட்டி எதிர்த்தவர்கள் தனித்து நின்றார்கள்.

ஆட்சேபத்தை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு காற்றாலைத் திட்டத்தின் மீதான நியாயமான ஆட்சேபங்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் வந்துவிடும். முடிவு எடுக்கப்பட்ட முறை பிழையானது என்பது ஒன்று. விலையும் பயனும் பங்கிடப்பட்ட விதம் அநீதியானது என்பது இன்னொன்று. திட்டத்துக்குத் தெரிவுசெய்யப்பட்ட இடம் பொருந்தாது என்பது மற்றொன்று. ஊர்க் கூட்டத்தில் இவை மூன்றும் ஒரே மூச்சில் பேசப்படும், அது இயல்பு. ஆனால் எழுத்தில் வைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனித் தாள், தனி முகவரி, தனி ஆதாரம் வேண்டும். மூன்றையும் ஒரே மகஜரில் கலந்து எழுதினால், அதிகாரிகள் தங்களுக்கு வசதியான ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

பிரிக்கும்போதே உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நேர்மை. விலை குறைந்தால், முறை திருத்தப்பட்டால், இதே இடத்தில் இதே திட்டத்தை ஏற்றுக்கொள்வீர்களா? ஆம் என்றால் உங்கள் ஆட்சேபம் முறையையும் விலையையும் பற்றியது. பறவைகளை அதற்குள் இழுக்க வேண்டாம். இல்லை என்றால் இடமே உங்கள் ஆட்சேபம். அதானியின் பெயரைச் சொல்லி அதை மறைக்க வேண்டாம். எதிர்த்தரப்பு இதைக் கண்டுபிடிக்கும் முன் நீங்கள் கண்டுபிடித்துவிடுவது நல்லது.

காற்று மின்சாரம் தேவையா என்ற கேள்விக்கும் பதில் வைத்திருங்கள். 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது இலங்கை அரசின் இலக்கு. மன்னாரின் காற்று நாட்டிலேயே சிறந்த காற்றுகளுள் ஒன்று என்பதும் மறுக்க முடியாதது. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்குப் பக்கத்தில் வாழும் மீனவரும் நம்மைப் போன்ற மனிதரே. நம் கரையில் வேண்டாம் என்று சொல்பவர், வேறு எங்கே, எந்த நிபந்தனையோடு என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். பெருநிலப்பரப்பில் இடம் உண்டா, தீவில் இனிமேல் ஒன்றும் வேண்டாம் என்பதா, அல்லது இருப்பவற்றோடு இன்னும் சிலவற்றைக் கரையிலிருந்து தள்ளி வைக்கலாமா என்பதை ஊர்க் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

முறை பற்றிய ஆட்சேபம்

மன்னார் விடயத்தில் நம்பிக்கை உடைந்த இடம் இதுதான். 2022 மார்ச்சில் அதானி நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது போட்டி விலைமனு எதுவும் கோரப்படவில்லை. அதே ஆண்டு ஜூன் 9ஆம் திகதி, மின்சாரச் சட்டத்துக்கான திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறி, போட்டி விலைமனு இன்றிப் புதுப்பிக்கத்தக்க மின் திட்டங்களை வழங்குவதற்கு இருந்த தடை நீங்கியது. மறுநாளே, இலங்கை மின்சார சபையின் அப்போதைய தலைவர் எம்.எம்.சி. பெர்டினாண்டோ, அரச நிறுவனங்களை ஆராயும் பாராளுமன்றத்தின் கோப் குழுவின் முன்னிலையில், இந்தியப் பிரதமரின் அழுத்தத்தினால் இத்திட்டத்தை அதானிக்கு வழங்கும்படி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச தன்னிடம் கூறியதாகச் சாட்சியமளித்தார். ஜனாதிபதி அதை மறுத்தார். பெர்டினாண்டோவும் தன் கூற்றை மீளப்பெற்றார். ஜூன் 13ஆம் திகதி பதவி விலகினார். அந்தச் சாட்சியத்தில் உண்மை எவ்வளவு என்பது நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை. ஆகவே உங்கள் மகஜரில் அதை நிறுவப்பட்ட உண்மையாக எழுதாதீர்கள். ‘இவ்வாறு சாட்சியமளிக்கப்பட்டது, இவ்வாறு மறுக்கப்பட்டது, இவ்வாறு மீளப்பெறப்பட்டது, ஆயினும் போட்டி விலைமனு கோரப்படவில்லை என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை’ என்று எழுதுங்கள். கடைசி வரியே உங்கள் வாதம். அதை மறுக்க ஆள் இல்லை.

முறையைச் சோதிப்பதற்குப் பொதுமக்கள் கையில் உள்ள கூர்மையான கருவி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். தகவல் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியும். அதன் 9ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. வெளிநாட்டு நிதியிலான திட்டம் 1,00,000 அமெரிக்க டொலரையும், உள்நாட்டு நிதியிலானது 5,00,000 ரூபாயையும் மிஞ்சினால், பொறுப்பான அமைச்சர் வேலை தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே திட்டம் பற்றிய தகவல்களைப் பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. அவசரத் திட்டங்களுக்கு இந்தக் காலம் ஒரு வாரமாகக் குறையலாம். எனவே உங்கள் முதல் விண்ணப்பத்தில் இப்படிக் கேளுங்கள்: ‘9ஆம் பிரிவின் கீழ் இத்திட்டம் பற்றிய அறிவித்தல் எந்தத் திகதியில், எந்த மொழிகளில், எந்த வழியில் எமது கிராம அலுவலர் பிரிவு மக்களுக்கு வழங்கப்பட்டது? அதன் பிரதியைத் தருக.’ பிரதி வந்தால் அதில் உள்ளதைப் படிக்கலாம். பிரதி இல்லை என்று எழுதி வந்தால் அதுவே ஆவணம்.

விண்ணப்பத்துக்குக் காரணம் கூற வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை. வேலை நாட்கள் 14க்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அந்த நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கும், அங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். ‘வர்த்தக இரகசியம்’ என்பதே அதிகம் எதிர்பார்க்க வேண்டிய மறுப்பு. பொதுநலன் மேலோங்கும் இடத்தில் அந்த விலக்கு செல்லாது என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு கூறுவதால், மேன்முறையீட்டில் அதைச் சுட்டிக்காட்டுங்கள். ஒரே விண்ணப்பத்தில் பத்துப் பொருள்களைக் கேட்காமல், மின் கொள்வனவு ஒப்பந்தம் ஒன்றில், காணி ஒதுக்கீடு ஒன்றில், சுற்றாடல் அனுமதி ஒன்றில் என்று தனித்தனியே கேட்டால், ஒன்று மறுக்கப்பட்டாலும் மற்றவை வந்து சேரும்.

விலை பற்றிய ஆட்சேபம்

இதில் நீண்ட பேச்சுத் தேவையில்லை, கணக்குத் தேவை. 8.26 சதத்துக்கும் 4.65 சதத்துக்கும் உள்ள வித்தியாசம் 3.61 சதம். ஒரு கோடி அலகுக்கு அது 3,61,000 டொலர். ஆனால் ஒப்பிடும்போது நியாயமாக ஒப்பிடுங்கள். முதலாவது மன்னாரையும் பூநகரியையும் சேர்த்த 484 மெகாவாட் திட்டம். மற்றது 50 மெகாவாட். இரு விலைகளும் தீர்மானிக்கப்பட்ட காலங்களுக்கு இடையே வேறுபாடும் உண்டு. இந்த வேறுபாடுகளை நீங்களே சொல்லிவிட்டு, ‘இவ்வளவையும் கழித்த பின்னரும் எஞ்சும் வித்தியாசத்துக்கு விளக்கம் தருக’ என்று கேட்டால், பதிலளிப்பவருக்குத் தப்பிக்க வழியிருக்காது.

பயனில் ஊரின் பங்கு என்ன என்பதும் விலையோடு சேர்ந்த கேள்வியே. டென்மார்க்கில் 2009இல் நடைமுறைக்கு வந்த சட்டம், புதிய காற்றாலைகளின் உரிமையில் குறைந்தது 20 சதவீதத்தை அயலில் வாழ்வோருக்கு விற்பனைக்கு முன்வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. கோபன்ஹேகன் கரைக்கு அப்பால் கடலில் நிற்கும் 20 கோபுரங்களில் பாதி, ஆயிரக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமானது. நம்மிடம் கோயில் மதிலும் பாடசாலைக் கூரையும் விளையாட்டு மைதானமுமே ‘சமூகப் பொறுப்பு’ என்ற பெயரில் வருகின்றன. மதில் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதப்படாத நன்கொடை, சம்மதத்தின் விலையாக மாறிவிடும் ஆபத்து உண்டு. கூட்டம் நடக்கும்போதே கொடை அறிவிக்கப்பட்டால், ‘எங்கள் ஆட்சேபம் நிலுவையில் உள்ளவரை இதை ஏற்பதில்லை’ என்று சங்கத்தின் கூட்டக் குறிப்பில் பதிந்துவிடுங்கள்.

இடம் பற்றிய ஆட்சேபம்

அதிக உழைப்பு இங்கேதான் வேண்டும். அதிகப் பலனும் இங்கேதான்.

முதலில் சட்டத்தின் வாசலைப் பாருங்கள். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட்டால், மூன்று மொழிகளிலும் அறிவித்தல் வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் தர வேண்டும். இந்த 30 நாட்களைத் தவறவிட்டால் பின்னர் எவ்வளவு சத்தமிட்டாலும் ‘அப்போது ஏன் சொல்லவில்லை?’ என்ற கேள்வி காத்திருக்கும். புதுப்பிக்கத்தக்க மின்நிலையங்களைப் பொறுத்தவரை இந்தக் கட்டாயம் பொதுவாக 50 மெகாவாட்டுக்கு மேற்பட்டவற்றுக்கே உரியது. மன்னாருக்குப் பின்னர் வந்த இரண்டு உள்நாட்டுத் திட்டங்களும் 50, 20 மெகாவாட்; இரண்டுமே 50க்கு மேற்பட்டவை அல்ல. அருகருகே சிறு திட்டங்களாக வரும்போது, எல்லாவற்றின் மொத்தத் தாக்கத்தையும் ஒன்றாக மதிப்பிடுமாறு எழுத்தில் கோருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரையான நிலம் கரையோர வலயமாகும். அதற்குள் கோபுரமோ பாதையோ வந்தால், கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. கோபுரத்தின் இடத்தை அளப்பதோடு நிற்காமல், அதற்குப் போகும் பாதையையும் அளந்து பாருங்கள்.

தீவில் ஏற்கெனவே நிற்கும் தம்பபவனி காற்றாலையைப் பாடசாலையாகக் கொள்ளுங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு, 3.45 மெகாவாட் வீதம் 30 கோபுரங்கள், மொத்தம் 103.5 மெகாவாட், 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்டது. அதன் பின்னர் மழைவெள்ளம் வடிவதில்லை என்பதும், கரையோர மீன்பிடி குறைந்துவிட்டது என்பதும் மக்களின் முறைப்பாடுகள். இவற்றை மனக்குறையாகச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. அளவாகச் சொல்ல வேண்டும்.

வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். கார்த்திகை, மார்கழி மழை ஓய்ந்த மறுநாள் காலையில் நாலைந்து பேர் சேர்ந்து, கோபுரங்களுக்குப் போகும் பாதை நெடுகிலும் நடந்து பாருங்கள். எந்த மதகுக்கு முன்னால் நீர் தேங்கியிருக்கிறது, எந்த மதகின் மறுபக்கம் காய்ந்து கிடக்கிறது, மதகே இல்லாத தாழ்வான இடம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடையாளமான ஒரு பனையைத் தெரிந்து, அதன் அடியில் அளவு குறித்த தடியொன்றை நட்டு, நீர் மட்டம் தெரியுமாறு படம் எடுத்து, திகதியும் நேரமும் எழுதி வையுங்கள். நீர் வடியும்வரை தினமும் அதே பனை, அதே தடி, அதே கோணம். ஊரின் மூத்தவர்களை அழைத்துப் போய், பாதை போடுவதற்கு முன் வெள்ளம் எந்த வாய்க்காலால் கடலுக்கு இறங்கியது என்று கேட்டு, வரைபடத்தில் கோடு போடுங்கள். அந்தக் கோடும் பாதையும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளே உங்கள் ஆட்சேபம்.

இதன் பின் எழுதும் வாக்கியம் தானாகவே மாறிவிடும். ‘காற்றாலையினால் ஊர் அழிகிறது’ என்பதற்குப் பதில் அனுதாபம் மட்டுமே கிடைக்கும். ‘இணைக்கப்பட்ட வரைபடத்தில் இலக்கமிடப்பட்டுள்ள புள்ளிகளில் பழைய நீர்வழிகளை அணுகு பாதை மறிக்கிறது, மழை ஓய்ந்து பல நாட்களின் பின்னும் நீர் வடியாமையைப் படங்கள் காட்டுகின்றன, உத்தேச அறிக்கையின் நீர்வடிகால் அத்தியாயத்தில் இப்புள்ளிகள் இடம்பெறவில்லை, இவற்றுக்கான வடிகால் வடிவமைப்பு முன்வைக்கப்படும்வரை அனுமதி வழங்கக் கூடாது’ என்பதற்கு ஒரு பொறியியலாளர் பதில் எழுதியே ஆக வேண்டும்.

மீன்பிடிக்கும் இதுவே வழி. பாடுகளின், அதாவது கரைவலை இழுக்கும் கரைப்பகுதிகளின், எல்லையும், சங்கப் பதிவேட்டில் உள்ள பல ஆண்டுப் பிடிபாட்டுக் கணக்கும் சேர்ந்தால் வாதம் நிற்கும். பிடிபாடு குறைவதற்கு இழுவைப்படகு உட்பட வேறு காரணங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, கோபுரங்களுக்கு அருகே உள்ள பாட்டையும் தொலைவில் உள்ள பாட்டையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

பறவைகள் விடயத்தில் மன்னாரின் நிலை வலுவானது. மத்திய ஆசியப் பறவை வழித்தடத்தில் வரும் பறவைகளுக்கு இத்தீவு ஒரு நுழைவாயில். பூநாரைகள் வந்திறங்கும் வங்காலைச் சரணாலயம் 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பலமான காற்று வீசுவது மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில். வலசைப் பறவைகள் பெருந்தொகையாக இருப்பது அதற்குப் பிந்திய மாதங்களில். எனவே வலசைக் காலத்தில், பறவைக் கூட்டம் நெருங்கும் வேளைகளில் விசிறிகளை நிறுத்தி வைத்தால் எவ்வளவு மின்சாரம் இழக்கப்படும் என்று கணக்கிட்டு வெளியிடுமாறு கேளுங்கள். விசிறிகளைப் போலவே உயர் அழுத்த மின்கம்பிகளும் பெரிய பறவைகளுக்கு ஆபத்தானவை. கம்பி எந்த வழியால் போகிறது என்ற வரைபடத்தையும் கேட்க மறக்க வேண்டாம்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. காற்றாலை மழையைத் துரத்திவிடும் என்ற பேச்சு காற்றாலை நிற்கும் ஊர்களில் அடிக்கடி கேட்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. அதை மகஜரில் ஒரு வரி எழுதினால், மற்ற இருபது வரிகளின் மதிப்பும் குறைந்துவிடும்.

காணி கொடுத்தவரும் அயலவரே

தன் காணியைக் குத்தகைக்கோ விலைக்கோ கொடுத்தவரைத் துரோகி என்று அழைப்பது ஊரை இரண்டாக்கும். நிறுவனத்துக்கு அதைவிட வேறு உதவி தேவையில்லை. மழையை நம்பிப் பயிர் செய்பவருக்கு மாதாமாதம் வரும் பணம் பெரிய விடயம். அவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். ஒப்பந்தம் எந்த மொழியில் இருந்தது, கைச்சாத்திடும் முன் சட்டத்தரணி பார்த்தாரா, குத்தகை முடிந்ததும் அத்திவாரக் கொங்கிரீட்டை அகற்றுவது யார் என்ற கேள்விகள் அவருடைய நலனுக்கும் உரியவை. எதிர்ப்புக் குழுவுக்கு வரும் பணத்துக்கும் இதே அளவுகோல் வேண்டும்: யார் கொடுத்தார், எவ்வளவு, எதற்குச் செலவானது என்பதை ஊரறிய ஒட்டி வையுங்கள். வெளிப்படைத்தன்மையைக் கேட்பவர்களிடம் அது முதலில் இருக்க வேண்டும்.

அரசியல்வாதிகளிடம் எழுத்தில் கேளுங்கள்

2024 ஜனாதிபதித் தேர்தல் காலத்தில், தான் வென்றால் அதானி திட்டத்தை இரத்துச் செய்வதாக அநுர குமார திசாநாயக்க கூறினார். அந்த நிறுவனம் விலகியும் விட்டது. ஆனால் தீவில் இனிக் கோபுரம் வராது என்று அவர் சொன்னதாக மக்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆதரவு தெரிவிக்க வரும் எவரிடமும் மேடையில் பேச விடுவதற்கு முன், ஒரு தாளை நீட்டுங்கள். எந்த நிறுவனமானாலும் எந்த விலையானாலும் தீவுக்குள் புதிய கோபுரங்களை எதிர்ப்பீர்களா, அமைச்சுப் பதவி கிடைத்தாலும் அதே நிலைப்பாடா, அனுமதி வழங்கும் குழுக்களில் உங்கள் கட்சிக்காரர் எப்படி வாக்களித்தார் என்ற மூன்று கேள்விகளுக்கு ஒப்பத்துடன் பதில் பெறுங்கள். ஒப்பமிட மறுப்பவரும் பேசட்டும். மறுத்தார் என்பதையும் ஊருக்குச் சொல்லுங்கள்.

வீதியும் நீதிமன்றமும்

2025 ஆகஸ்ட் போராட்டத்தின் பின்னர் ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதம் நிறுத்தி வைக்கச் செய்தார். செப்டெம்பர் இறுதியில் பாகங்கள் மீண்டும் இரவில் கொண்டுவரப்பட்டபோது, மக்களுக்கும் பொலிஸாருக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. அமைதியாக எதிர்ப்பது உரிமை. அதை இரவில், ஆயுதம் தாங்கியவர்களைக் கொண்டு தீர்ப்பது எந்த அரசுக்கும் அழகல்ல. அதேவேளை ஒரு மாத அவகாசம் கிடைக்கும்போது, அந்த மாதத்தில் என்ன செய்வது என்ற திட்டம் கூட்டத்திடம் இருக்க வேண்டும். எந்த ஆவணத்தை யார் பெறுவது, எந்த நிபுணரை அழைப்பது என்பதை அவகாசம் கிடைத்த அன்றே பகிர்ந்துகொள்ளுங்கள்.

நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்கும் நேரம் மிகக் குறுகியது. அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் கணக்கில் சேராது என்ற சலுகை சட்டத்தில் உண்டு; ஆயினும் அதைச் சட்டத்தரணியிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் எப்பாவல பொஸ்பேற் சுரங்கத் திட்டத்துக்கு எதிரான வழக்கில், சுற்றாடல் மதிப்பீட்டைத் தவிர்த்துவிட்டு முதலீட்டு ஒப்பந்தம் செய்ய முடியாது என்று உயர் நீதிமன்றம் கிராமவாசிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. மன்னார் அதானி திட்டத்துக்கு எதிராகவும் சுற்றாடல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள்.

வழக்கைக் கட்டுமானத்துக்கு முன்னரே தொடங்குவதன் அவசியத்தை நோர்வேயில் காணலாம். போசென் பகுதியின் 151 காற்றாலைகளுக்கான அனுமதி சாமி பழங்குடியினரின் கலைமான் மேய்ச்சல் உரிமையை மீறியது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 ஒக்டோபர் 11ஆம் திகதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போது விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. தீர்ப்புக்குப் பின்னரும் அவை அகற்றப்படவில்லை. 2023இல் இளைஞர்கள் தலைநகரில் அமைச்சுக் கட்டடங்களை மறித்த பிறகு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. இறுதியில் இழப்பீடும் மாற்று மேய்ச்சல் நிலமும் கொண்ட இணக்கத்தில் விடயம் முடிந்தது. கொங்கிரீட் இறுகுவதற்கு முன் கிடைக்கும் தடையுத்தரவும், இறுகிய பின் கிடைக்கும் தீர்ப்பும் ஒன்றல்ல.

ஆகவே பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையையும் வர்த்தமானியையும் வாராவாரம் பார்ப்பதற்கு ஊரில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மண் பரிசோதனைக்கு ஆட்கள் வந்த நாள், எல்லைக்கல் நடப்பட்ட நாள், கடிதம் கிடைத்த நாள் என்பவற்றை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கையளிக்கும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் அலுவலகத்தின் திகதி முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை அந்தக் கொப்பியில் ஒட்டி வையுங்கள்.